பணம் கைக்கு வந்த நாளில் முகம் எப்படி இருந்தது? பார்த்தவர்கள் சொல்லுங்கள்

உரைகல்:
நான் ஒரு கூட்டுறவு வங்கியில் 14 வருஷமாக நகை மதிப்பீட்டாளர். எனக்கு மாதச் சம்பளம் கிடையாது, வைக்கிற நகைக்குக் கமிஷன்தான், அதனால் ஊரில் முடை வந்தால் எனக்கு நல்ல மாதம். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கவுண்டரில் இருந்து பார்த்தால் கடன் பணத்தை வாங்கிக்கொண்டு சிரித்தபடி போகிற ஆளே கிடையாது. எண்ணுவார்கள், மஞ்சப்பையில் சுற்றுவார்கள், வாசலில் நின்று இரண்டு பக்கமும் பார்ப்பார்கள். நகையைத் திருப்ப வருகிறவர்கள் முகம்தான் வேறு, அதாவது பணத்தைக் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள். இட்லிக்கடை வைத்திருக்கிற ஓர் அம்மா வருஷா வருஷம் வட்டியை மட்டும் கட்டி, நகையை எடுக்காமலே மாற்றி வைத்துக்கொண்டிருந்தவர், போன தை மாதம் மொத்தமாகக் கட்டினார். சீல் வைத்த பையை வெட்டி, சங்கிலியைத் தராசில் வைத்து 23.4 கிராம், சரியா பார்த்துக்கங்கம்மா என்றேன். தராசைப் பார்க்கவே இல்லை. மஞ்சள் கயிற்றுக்கு மேலேயே அதைப் போட்டுக்கொண்டு, கண்ணாடித் தடுப்பில் கழுத்தைப் பார்த்துவிட்டு, "வைக்கும்போது இவ்ளோ கனம் இல்லையேண்ணே" என்றார்.

2021ல் கூட்டுறவு நகைக்கடன் தள்ளுபடி வந்தபோது வேறொன்றைப் பார்த்தேன். 5 பவுன் வரைக்கும்தான் தள்ளுபடி, அதாவது 40 கிராம். ஒருவர் வைத்திருந்தது 41 கிராமும் சொச்சமும். அந்த ஒரு கிராமை நான்தான் கூட்டி எழுதிவிட்டேன் என்று இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. கடன் அவருக்குப் பெரிய பாரமெல்லாம் இல்லை, பக்கத்து வீட்டுக்காரருக்குத் தள்ளுபடி ஆகிவிட்டதே என்பதுதான் ஆறவில்லை.

களியக்காவிளை ஆள்:
நான் லாட்டரிக் கேஸ். நம்ம பக்கம் 2003லேயே தடை செய்துவிட்டார்கள், எங்களுக்கு எல்லை தாண்டினால் கேரளாவில் கடை. ஒரு தடவை கடைசி நாலு நம்பர் ஒத்துப்போய் 5,000 ரூபாய் விழுந்தது, வீட்டில் சொல்லவில்லை, சொன்னால் இதுவரை வாங்கின சீட்டுக் கணக்கும் வெளியே வரும். 2022 ஓணம் பம்பரில் திருவனந்தபுரத்து ஆட்டோக்காரர் ஒருவருக்கு 25 கோடி விழுந்ததே, ஒரு வாரத்திலேயே அவர் வீட்டு வாசலில் உதவி கேட்டு வந்த கூட்டம் தாங்காமல் இடம் மாறி மாறித் தங்கி, இது விழாமலே இருந்திருக்கலாம் என்று பத்திரிகைக்காரர்களிடம் சொன்னார். அதைப் படித்த அன்றும் சீட்டு எடுத்தேன். எடுத்ததிலிருந்து குலுக்கல் வரைக்கும் இருக்கிற அந்த நாலு நாள் இருக்கிறதே, 500 ரூபாய்க்கு அது மலிவு சார்.

பீளமேடு:
பணம் வந்தாலும் சந்தோஷம் வராது என்கிற மாதிரி பேசுகிறீர்கள், எனக்கு இதில் கொஞ்சம் மாறுபாடு. வருஷம் 75,000 டாலருக்கு மேல் போனால் அன்றாடச் சந்தோஷம் ஏறாது என்று 2010ல் கானமன், டீட்டன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அமெரிக்காவை வைத்துச் சொன்னதை இன்னும் எல்லோரும் எடுத்துப் போடுகிறார்கள். 2023ல் அதே கானமன் இன்னும் இரண்டு பேரோடு சேர்ந்து திரும்பப் பார்த்தபோது, பெரும்பாலானவர்களுக்கு ஏறிக்கொண்டேதான் போகிறது, ஏற்கெனவே ரொம்ப வேதனையில் இருக்கிற ஒரு பகுதியினருக்குத்தான் ஒரு கட்டத்தில் நின்றுவிடுகிறது என்று வந்தது. இதை யாரும் பகிர்வதில்லை.

என் கதை சின்னது. அப்பாவுக்கு சர்க்கரை, பிரஷர். மருந்துக் கடையில் சீட்டை நீட்டி "பத்து நாளைக்கு மட்டும் குடுங்கண்ணா" என்று சொல்லியே பழக்கம், கடைக்காரர் கத்தரிக்கோலால் அட்டையை வெட்டித் தருவார். வேலை மாறி சம்பளம் இரண்டு மடங்கான மாதம் முழு அட்டையாகவே மூன்று மாதத்துக்கு வாங்கினேன். அப்பாவுக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. எனக்கு அந்தக் கத்தரிக்கோல் சத்தம் கேட்காதது போதும்.

உரைகல்:
பீளமேடு சொல்வது சரிதான், நான் மறுக்கவில்லை. அந்த இட்லிக்கடை அம்மா ஜூனில் திரும்ப வந்தார், பெண்ணுக்குக் காலேஜ் ஃபீஸ். அதே சங்கிலி. வழக்கம்போல உரசிப் பார்த்துத் தராசில் வைத்தேன், எடையைச் சொல்ல வாயெடுப்பதற்குள் "இருபத்திமூணு புள்ளி நாலு, எழுதிக்கங்கண்ணே" என்றார். எனக்கும் அன்றைக்குக் கமிஷன் வந்தது.