பழைய கான்கிரீட் அணைக்குப் பிவிசி விரிப்பு: கசிவு நிற்குமா?

கேள்வி – திருவையாறு பாசனதாரர்
மேட்டூரில் ஜூன் 12 அன்று தண்ணீர் திறப்பார்களா என்பதைப் பார்த்தே குறுவையை முடிவு செய்பவர்கள் நாங்கள். ஆகவே, 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த அணையையும் அதுபோன்ற பழைய அணைகளையும் எப்படிப் பாதுகாப்பது என்பது எங்களுக்கு வயலைச் சார்ந்த கவலை. நீர் நிற்கும் முகப்பு முழுவதையும் பிவிசி விரிப்பால் மூடும் முறை, விரிசல்களுக்குள் சிமெண்ட் பால் (நீர்த்த சிமெண்ட் கலவை) செலுத்துவதைவிட எவ்வகையில் மேலானது? கல்லணைக் கால்வாயின் தரையிலும் இதை விரிக்கலாமா?

பதில் – ஓய்வுபெற்ற பொறியாளர், தஞ்சாவூர்
ஐயா, சிமெண்ட் பால் இருக்கிற விரிசலை அடைக்கும். ஆனால் வெயிலிலும் குளிரிலும் அணை விரிந்து சுருங்கும்போது பக்கத்திலேயே புதிய வழி திறந்துகொள்ளும். உள்ளே புகும் நீர் கான்கிரீட்டின் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வருவதால்தான், அணைக்குள் சென்று பார்வையிட அமைத்த ஆய்வுச் சுரங்கத்தின் சுவரில் வெள்ளை வெள்ளையாகப் படிந்து, வடிகுழாய்களின் வாயும் அடைபடுகிறது. விரிப்போ நீரை அணையின் உடலுக்குள் நுழையவே விடுவதில்லை. கோவை மாவட்டத்துக் கடம்பாறை அணையில் 2005-இல் இதைப் பொருத்தினார்கள். நிமிடத்துக்கு 30,000 லிட்டருக்கும் மேலாக இருந்த கசிவு மிகச் சொற்பமாகக் குறைந்தது.

விரிப்பின் கனம் சில மில்லிமீட்டர்தான். முதுகில் தடித்த செயற்கைத் துணி ஒட்டியிருக்கும். எஃகுப் பட்டைகளால் இழுத்துப் பிடித்து, விளிம்புகளை நீர் புகாமல் இறுக்குவார்கள். முகப்போடு முழுவதும் ஒட்டிவிடக் கூடாது. பின்புறம் சேரும் நீர் அந்த இடைவெளி வழியே இறங்கிச் சுரங்கத்துக்கு வடிய வேண்டும். இல்லையென்றால், அணையின் நீர்மட்டம் சட்டெனக் குறையும்போது, சிக்கிக்கொண்ட நீர் விரிப்பையே பிடுங்கித் தள்ளிவிடும். ஆகவே, வடிகால் அமைப்பைப் பார்த்த பிறகே விரிப்பின் விலையைப் பேச வேண்டும் என்பேன்.

பதில் – கட்டுமானத் துறை மாணவர், திருச்சி
அடித்தளப் பாறை வழியாக வரும் கசிவை இந்த விரிப்பு தடுக்காது. அதற்குப் பாறையில் துளையிட்டுச் சிமெண்ட் பால் செலுத்தியே ஆக வேண்டும். அணையைக் காலி செய்யாமலும் விரிக்கலாம்: அமெரிக்காவின் லாஸ்ட் கிரீக் அணையில் 1997-இல் நீருக்கடியிலேயே பொருத்தினார்கள்.

பதில் – விவசாயி, ஒரத்தநாடு
கால்வாய்த் தரையில் வேண்டவே வேண்டாம், ஐயா. அணையில் கசிவு ஆபத்து. எங்கள் பகுதியில் கால்வாய் மணலில் இறங்கும் நீர்தான் ஆழ்குழாய்க் கிணறுகளுக்கு ஊறுகிறது. அதோடு, ஜனவரி இறுதியில் தண்ணீரை நிறுத்தியபின் நிலத்தடி நீர் மேலே இருந்தால், பொறியாளர் ஐயா சொன்ன அதே அழுத்தம் கீழிருந்து தரையைத் தூக்கும். பக்கச் சுவர்களைப் பலப்படுத்துங்கள். மணல் தரையை அப்படியே விடுங்கள்.