காலை நடைக்கு என்ன கேட்கலாம்?

குழு: பெரிய வீட்டு ஆட்கள்

பெரியம்மா: பிள்ளைகள், சீனி கூடிவிட்டது, ஒவ்வொரு நாளும் அரை மணித்தியாலம் நடக்க வேண்டும் என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். இரணைமடுக் குளக்கட்டில் தனிய நடக்க அலுப்பாக இருக்கிறது. போனில் ஏதாவது கேட்டுக்கொண்டு நடக்கலாமாமே?

சித்தி: பக்திப் பாட்டைப் போட்டுவிட்டு நடவுங்கோ அக்கா.

பெரியம்மா: பாட்டு வீட்டிலும் ஓடுகிறதுதானே. ஆட்கள் கதைக்கிறதைக் கேட்க வேண்டும். முந்தித் தமிழோசை கேட்ட மாதிரி.

பரந்தன் மாமா: அது 2017 ஏப்ரலோடு வானொலியில் நின்றுபோய்விட்டது அக்கா. 1941-இல் தொடங்கின சேவை. இப்போது பிபிசி தமிழ் இணையத்தில் மட்டும்தான்.

நான்: பெரியம்மா, உங்களுக்கு எஸ்.பி.எஸ். தமிழ்தான் சரி. அவுஸ்திரேலியாவின் பொது வானொலி. ஒவ்வொரு நேர்காணலையும் தனித்தனியாகப் போட்டுவைக்கிறார்கள். வேண்டியதைத் தெரிந்து கேட்கலாம், நிறுத்தின இடத்திலிருந்து தொடரலாம்.

மெல்பேண் அண்ணா: ஓம் அம்மா, நான் வேலைக்குப் போகும்போது அதைத்தான் கேட்கிறேன். நிறையப் பகுதிகள் பத்து, பன்னிரண்டு நிமிடம்தான். மூன்று கேட்க உங்கள் நடை முடிந்துவிடும். இந்த வானொலி தொடங்கின கதையும் நல்லது. 1975-இல் இங்கே மெடிபேங்க் என்று புதிய மருத்துவக் காப்பீடு வந்தது. ஆங்கிலம் தெரியாத குடியேறிகளுக்கு அதை அவரவர் மொழியில் விளக்கத்தான் சிட்னியிலும் மெல்பேணிலும் இரண்டு சின்ன நிலையங்களைத் திறந்தார்கள். அதுதான் வளர்ந்து இப்போது அறுபதுக்கு மேற்பட்ட மொழிகளில் பேசுகிறது.

சித்தி: டேட்டா முடிந்துபோகாதா? ரீலோட் போட்டே கட்டுப்படியாகாது.

நான்: நடக்கும்போது நேரடியாகக் கேட்டால்தான் செலவு சித்தி. இரவே வைஃபையில் இறக்கி வைத்தால் குளக்கட்டில் சிக்னலே தேவையில்லை. சாதாரண தரத்தில் ஒரு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு எம்.பி. அரை மணித்தியாலத்துக்கு முப்பதுதான். வீடியோ பார்க்கிறதோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. இப்படியான நிகழ்ச்சிகளை இறக்கிக் கேட்க அன்டெனாபொட் என்று ஒரு செயலி இருக்கிறது. இலவசம், விளம்பரமும் இல்லை. பெரியம்மாவின் போனில் நானே போட்டுத் தருகிறேன்.

பரந்தன் மாமா: ஒன்று சொல்கிறேன், எல்லோரும் கேளுங்கோ. ஒரு காதில் மட்டும் மாட்ட வேண்டும். ஏ9 நெடுஞ்சாலை ஓரத்தில் பஸ் வருகிற வேகம் தெரியும்தானே. ஒட்டுசுட்டான், மாங்குளம் பக்கம் இருக்கிற எங்கள் ஆட்கள் வெளிச்சம் வந்தபிறகுதான் வெளிக்கிட வேண்டும். யானை நிற்கிறதை மரக்கொப்பு முறிகிற சத்தம்தான் முதலில் சொல்லும். காதை அடைத்துக்கொண்டு போனால் அது கேட்காது.

நான்: மாமா சொல்வது முழுக்கச் சரி. தம்பி, உனக்கும்தான்.

தம்பி: அக்கா, எனக்கு ஆங்கிலத்தில் சொல்லுங்கோ. உயர்தரத்துக்கு உதவ வேண்டும். வேகமாகக் கதைத்தால் பிடிபடாது.

நான்: பிபிசியின் ‘சிக்ஸ் மினிட் இங்லிஷ்’ இருக்கிறது. பெயரிலேயே ஆறு நிமிடம். பேசியது முழுக்க எழுத்திலும் இருக்கும். முதலில் நடந்துகொண்டு கேள், வீட்டுக்கு வந்து வாசி, திரும்பக் கேள். பழகினபிறகு ‘நூறு பொருட்களில் உலக வரலாறு’ கேட்கலாம். 2010-இல் பிபிசி ரேடியோ 4-உம் பிரித்தானிய அருங்காட்சியகமும் சேர்ந்து செய்தது. அப்போதைய இயக்குநர் நீல் மக்கிரெகரே பேசுகிறார். ஒரு பொருளுக்குப் பதினைந்து நிமிடம். அதில் தாரா என்ற பௌத்தப் பெண் தெய்வத்தின் சிலைக்கு ஒரு பகுதி இருக்கிறது. எங்கள் நாட்டுச் சிலை. பொன்முலாம் பூசின வெண்கலம், ஏறத்தாழ ஒன்றரை மீற்றர் உயரம், ஆயிரம் வருடத்துக்கு மேல் பழையது. திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில் எடுத்தது, பிரித்தானியர் காலத்தில் இங்கே தேசாதிபதியாக, அதாவது ஆளுநராக, இருந்த பிரவுன்ரிக் மூலமாக 1830-இல் அந்த அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. எங்கள் கிழக்குக் கரையில் கிடந்ததைப் பற்றி லண்டனில் இருந்து ஒருவர் சொல்லக் கேட்க எனக்குப் பெருமையாகவும் இருந்தது, மனத்தாங்கலாகவும் இருந்தது. கட்டாயம் கேள்.

மச்சாள்: எனக்கு? நான் நடக்கிறது ஃபக்டரி பஸ் வரும் சந்தி வரைக்கும்தான்.

நான்: மச்சாள், உங்களுக்கென்றே ஒன்று இருக்கிறது. அமெரிக்கப் பொது வானொலி என்.பி.ஆரின் ‘பிளானட் மணி’. 2013-இல் அவர்கள் தாங்களே ஒரு டீசேர்ட் செய்வித்து, அது எங்கெங்கே போகிறது என்று பின்னாலேயே போனார்கள். பஞ்சு மிசிசிப்பியில், நூல் இந்தோனேசியாவில், ஆண்களின் சேர்ட் தைத்தது பங்களாதேஷில். தைத்த பெண்களின் வீடு வரைக்கும் போய் என்ன சம்பளம், என்ன செலவு என்று கேட்டிருக்கிறார்கள்.

மச்சாள்: நாங்கள் கை மட்டும் தைத்துவிட்டு அடுத்த மெஷினுக்குத் தள்ளிவிடுவோம். அதற்குப் பிறகு எந்த நாட்டில் யார் போடுகிறார்களோ என்று நானும் யோசிக்கிறதுதான். ஆங்கிலம் விளங்குமா?

நான்: வேகத்தைக் குறைத்துக் கேட்கலாம். ஞாயிறு வீட்டுக்கு வாருங்கோ, சேர்ந்து கேட்போம், நான் இடையில் நிறுத்திச் சொல்கிறேன்.

— மறுநாள் —

பெரியம்மா: இன்றைக்குக் கேட்டேன். இளம் வயதில் ஊரை விட்டுப்போன ஒருவரின் பேட்டி. கேட்டுக்கொண்டே குளத்து வான்கதவு வரைக்கும் போய்விட்டேன். கால் நோவும் தெரியவில்லை.

மெல்பேண் அண்ணா: அச்சா அம்மா. தண்ணீர்ப் போத்தல் கொண்டு போங்கோ.

நான்: பெரியம்மா, அப்படியான பேட்டி விருப்பமென்றால் ‘ஸ்டோரிகோர்ப்ஸ்’ பற்றிச் சொல்ல வேண்டும். 2003-இல் நியூயோர்க் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் ஒரு சின்னப் பதிவறை கட்டித் தொடங்கினது. ஒருவரை ஒருவர் நன்றாகத் தெரிந்த இரண்டு பேர், தாயும் மகனும், அக்காவும் தம்பியும், உள்ளே இருந்து நாற்பது நிமிடம் கதைப்பார்கள். பதிவு அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்குப் போகும். சிலதைச் சுருக்கி வானொலியில் போடுவார்கள். பேசுகிறவர்கள் பெரிய ஆட்கள் இல்லை, எங்களைப் போன்ற சனம்தான். அதனால்தான் எனக்கு எல்லாவற்றிலும் அது மேல். நீங்களும் மாமாவும் அப்படி ஒன்று கதைக்க வேண்டும், நான் பதிவு செய்கிறேன்.

பெரியம்மா: எங்களிடம் கதைக்க என்ன இருக்கிறது?

பரந்தன் மாமா: என்ன அக்கா இப்படிக் கேட்கிறீர்கள். போர்க்காலப் பொருளாதாரத் தடைக்குள் பற்றரி இல்லாமல் ரேடியோ கேட்டதை மறந்துவிட்டீர்களா? சைக்கிளைக் கவிழ்த்து வைத்து நான் பெடலைச் சுற்ற, ஐயா டைனமோ வயரை ரேடியோவில் கொழுவுவார். நான் களைத்தால் செய்தியும் இழுபடும். ‘சுற்றடா, சுற்றடா’ என்று முற்றத்தில் இருக்கிறவர்கள் எல்லோரும் கத்துவார்கள்.

பெரியம்மா: நீ பாதியில் விட்டுவிட்டு ஓடினபிறகு சுற்றினது ஆர்? நானும் தங்கச்சியும்தானே.

சித்தி: ஓம், எனக்குக் கொப்புளமே வந்தது.

தம்பி: இதெல்லாம் எனக்கு ஒருவரும் சொன்னதில்லையே!

நான்: பார்த்தீர்களா? சனிக்கிழமை பின்னேரம் மூன்று பேரும் பெரியம்மா வீட்டில் இருங்கோ. போன் போதும், மைக் தேவையில்லை. ஃபேனையும் டிவியையும் நிறுத்தி, போனை மேசையில் ஒரு துணி விரித்து நடுவில் வைப்போம். தம்பி, நீ கேள்விகளை எழுதிக்கொண்டு வா. ‘அப்புறம் என்ன நடந்தது’ என்று கேட்டாலே போதும், அவர்கள் சொல்லுவார்கள்.

மெல்பேண் அண்ணா: பதிவை உடனே எனக்கும் அனுப்பு தங்கச்சி. வேலைக்குப் போகும்போது கேட்கிறேன்.