புதுப்பிப்பு: கிரேஸ் நோட்டா, ஸ்கூப்பா?

நாகர்கோவிலில் எங்கள் பேண்டுக்கு ஜாஸ் அரேஞ்ச்மென்ட் எழுதியபோது, கீழிருந்து வழுக்கி ஏறும் இடங்களில் எல்லாம் கிரேஸ் நோட் (முக்கியச் சுரத்துக்கு முன்னால் வரும் குட்டிச் சுரம்) போட்டேன், டிரம்பெட்காரர்கள் அதைத் தனித்தனியாக நாக்கால் வெட்டி ஊதுகிறார்கள், என்ன செய்வது என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். இப்போது சரியாகிவிட்டது.

கிரேஸ் நோட் என்றால் குறிப்பிட்ட ஒரு சுரம். எனக்கு வேண்டியது அது இல்லை. எனக்கு வேண்டியது ஸ்கூப், அதாவது கீழிருந்து சுரத்துக்கு வழுக்கி ஏறுவது; அதற்குச் சுரத்தின் தலைக்கு முன்னால் ஒரு சின்ன வளைகோடு போதும். நாதஸ்வரம் பழகிய ஒரு அண்ணாச்சி அதைப் பார்த்ததும் "ஜாரு மாதிரியா?" என்றார்; நம் கர்நாடக இசையில் சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கும் கமகம் அது. ஊதியும் காட்டினார், அவ்வளவு அழகு! கிரேஸ் நோட்டே வேண்டிய இடங்களில் மட்டும் அதை விட்டுவைத்து, ஸ்லர் (சுரங்களை வெட்டாமல் சேர்த்து ஊதச் சொல்லும் வளைகோடு) சேர்த்தேன்.

டிராம்போன்தான் கூடுதல் வேலை வாங்கியது. அதன் ஸ்லைடில், அதாவது இழுக்கும் குழாயில், 7 நிலைகள். நடு இ (E) சுரத்திலிருந்து மேலே பி ஃபிளாட் (B♭) வரை, 7ஆம் நிலையிலிருந்து 1ஆம் நிலைக்கு, ஒரே இழுப்பில் போகும். எஃப்பிலிருந்து (F) மேலே பி-க்கும் (B) இடைவெளி அதேதான், ஆனால் ஒரே இழுப்பில் போகாது, வழுக்கல் நடுவில் உடையும். அதை மாற்றி எழுதினேன்.

அப்புறம், ஃபால் (சுரத்திலிருந்து கீழே வழுக்கி இறங்குவது) எங்கே முடிய வேண்டுமோ அங்கே ஒரு ஓய்வுக் குறி போட்டதும் எல்லோரும் ஒன்றாக நிறுத்துகிறார்கள்.