கேபிள் இணைப்பு மட்டும் அடிக்கடி அறுந்துபோகிறது, எங்கே தேடுவது?

வணக்கம். வீட்டு டெஸ்க்டாப்பில் லேன் கேபிள் வழியாக வரும் இணையம் நினைத்த நேரத்தில் போய்விடுகிறது. சில நொடிகளில் தானாகவே திரும்பியும் வருகிறது. அதே ரௌட்டரில் வைஃபையில் இருக்கும் போன்கள் அப்போதும் நன்றாகவே ஓடுகின்றன. அதனால் வெளியிலிருந்து வரும் லைனைச் சந்தேகிக்கவில்லை.

ரௌட்டருக்கே பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை) ஓடவிட்டுப் பார்த்தேன். இணைப்பு போகும்போது அதுவும் பதில் தருவதில்லை, கம்ப்யூட்டரின் பின்னால் உள்ள போர்ட் விளக்கும் அணைகிறது. சில சமயம் ஐபி முகவரி 169.254 என்று தொடங்குகிறது. அதாவது ரௌட்டரிடமிருந்து முகவரியே கிடைக்கவில்லை.

என்னை உறுத்துவது வேகம்தான். 1 ஜிகாபிட் காட்ட வேண்டிய இடத்தில் அவ்வப்போது 100 மெகாபிட் என்கிறது. ஜிகாபிட்டுக்குக் கேபிளில் உள்ள 4 ஜோடிக் கம்பிகளும் வேண்டும், 100-க்கு 2 ஜோடி போதும். ஆகவே எங்கோ ஒரு கம்பி சரியாகத் தொடவில்லை என்று நினைத்தேன். ஆனால் புதுக் கேபிள் போட்டும், ரௌட்டரில் வேறு போர்ட்டுக்கு மாற்றியும் அதே கதை. அப்புறம் மிச்சம் இருப்பது கம்ப்யூட்டரின் போர்ட்டா, அதை இயக்கும் மென்பொருளான டிரைவரா?

விண்டோஸ் 11. டிரைவரைப் புதுப்பித்தாயிற்று. (ரௌட்டரை ஆஃப் செய்து ஆன் செய்யச் சொல்லிவிடாதீர்கள், அதெல்லாம் எப்போதோ முடிந்தது.) டிவைஸ் மேனேஜரில் எனர்ஜி எஃபிஷியன்ட் ஈதர்நெட் என்ற மின்சேமிப்பு வசதியை அணைத்தால் சரியாகும் என்கிறார்கள், யாருக்காவது அதில் பலன் கிடைத்ததா? வேகத்தை 100-லேயே நிறுத்திவைத்துப் பார்த்தால் போர்ட் பழுதா என்று தெரிந்துவிடுமா? இல்லை, பேசாமல் ஒரு யூஎஸ்பி லேன் அடாப்டர் வாங்கிவிடலாமா?