சிறுவயல் காட்டை நடித்துப் பார்த்தபோது

கல்லலிலிருந்து:

மருது பாண்டியர் கதை என்றாலே நம் பக்கத்து மேடைகளில் கடைசிக் காட்சிதான் பெரிது. 1801 அக்டோபர் 24, திருப்பத்தூர், தூக்குக் கயிறு. அதற்கு முன்னால் நடந்ததை ஒரே வசனத்தில் தாண்டிவிடுவார்கள். கிழக்கிந்தியக் கம்பெனியோடு நடந்த அந்தப் போரில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் நடந்தது அரண்மனை சிறுவயல் சண்டை. எங்கள் தெருப் பையன்களில் ஒருவனுக்கும் அது தெரியவில்லை. மனசு கேட்காமல் போன ஆடியில் நண்பர்கள் சேர்ந்து அதை மட்டும் நடித்துக் காட்டினோம்.

1801 ஜூலைக் கடைசியில் கர்னல் அக்னியூவின் படை சிறுவயலுக்கு வந்தது. சின்ன மருது இருந்த ஊர். எதிரிக்கு உதவக் கூடாதென்று மருதுவின் ஆட்களே வீடுகளைக் கொளுத்திவிட்டுக் காட்டுக்குள் போய்விட்டார்கள். அங்கிருந்து மருது சகோதரர்களின் அரணான காளையார்கோவில் வரை காட்டை வெட்டிப் பாதை போட்டுவிடலாம் என்பது கம்பெனியின் கணக்கு. ஒரு மாதம் வெட்டினார்கள். வெட்டுகிறவர்கள் மேல் புதருக்குள்ளிருந்து ஓயாத தாக்குதல். செப்டம்பர் பிறந்ததும் பாதையைக் கைவிட்டுத் திரும்பினார்கள்.

முதல் ஒத்திகையில் இதை வசனமாகச் சொன்னோம். பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், “சண்டையைக் காணோமே தம்பி” என்றார். அவர் சொன்னது சரிதான். கோட்டையும் இல்லை, பீரங்கி முழக்கமும் இல்லை. காட்டை எப்படி நடிப்பது?

அப்புறம் வசனத்தைத் தூக்கிப் போட்டோம். கண்மாய்க் கரையில் சீமைக் கருவேலம் அடர்ந்த இடமாகப் பார்த்து, சிவப்புச் சட்டைக்காரர்களாக நடிக்கிற ஆறு பேரிடம் அரிவாளைக் கொடுத்து, நிஜமாகவே வெட்டச் சொன்னோம். (சீமைக் கருவேலம் அந்தக் காலத்தில் இங்கே கிடையாது. அன்றிருந்த காட்டின் அடர்த்தி நமக்கு இனிமேல் பார்க்கக் கிடைக்காது என்பது எனக்குப் பெரிய வருத்தம்.) காலை ஏழு மணிக்கு ஆரம்பித்தார்கள். பத்து மணிக்கு, ஒரு மாட்டுவண்டி போகிற அகலத்தில் இரண்டு வண்டி நீளம்கூடத் தாண்டவில்லை. ஒருவனுக்கு முள் ரப்பர் செருப்பைத் துளைத்துக் குதிகாலில் ஏறிவிட்டது. மற்றவர்களுக்கு உள்ளங்கையெல்லாம் கொப்புளம். இத்தனைக்கும் நடுவே புதருக்குள் மறைந்திருந்தவர்கள் விட்டுவிட்டுச் சீழ்க்கை அடித்தார்கள். எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க முடியாது. சத்தம் கேட்கும்போதெல்லாம் அரிவாள் நிற்கும், ஆறு தலையும் திரும்பும். கரையில் உட்கார்ந்திருந்த கூட்டம் மூச்சுவிடாமல் பார்த்தது. இதைவிடப் பெரிய சண்டைக் காட்சி தேவைப்படவில்லை.

மருதுவின் ஆட்கள் எறிந்து தாக்கும் ஆயுதமான வளரிக்குப் பனைமட்டையைச் செதுக்கிக்கொண்டோம். அசல் வளரி மரத்திலோ இரும்பிலோ இருக்கும், வளைந்திருக்கும், ஒரு முனை கனமாக இருக்கும். தோளுக்கு மேலே ஓங்கி எறிந்தால் குப்புற விழுகிறது. இடுப்பைத் திருப்பித் தரையோடு தரையாகச் சுழற்றி விட்டால்தான் காலை வாரும். எங்களுக்கு அது பிடிபட நான்கு நாள் ஆனது. கம்பெனி அதிகாரி வெல்ஷ், தனக்கு வளரி வீசக் கற்றுக்கொடுத்தவரே சின்ன மருதுதான் என்று எழுதி வைத்திருக்கிறார். அதே வெல்ஷ் இந்தப் படையில் அவருக்கு எதிராக வந்தார். இதைக் கூட்டத்தில் சொன்னபோது யாரும் பேசவில்லை.

தேவகோட்டையிலிருந்து:

அண்ணே, அன்றைக்கு அரிவாள் பிடித்த ஆறு பேரில் நானும் ஒருத்தன். முதலில் சிவப்புச் சட்டை போட மாட்டேன் என்று அடம்பிடித்தேன், உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கம்பெனிப் படையில் துப்பாக்கி தூக்கியவர்களில் பெரும்பாலோர் நம் நாட்டுச் சிப்பாய்கள் என்றும், புதுக்கோட்டைத் தொண்டைமானும் எட்டயபுரமும் அந்தப் பக்கம்தான் நின்றார்கள் என்றும் நீங்கள் விளக்கிய பிறகுதான் போட்டேன். என் அம்மா பிறந்த ஊர் புதுக்கோட்டைப் பக்கம். வெட்டும்போது அதேதான் மனசில் ஓடிக்கொண்டிருந்தது. கொப்புளம் ஆறிவிட்டது, அந்த நினைப்பு ஆறவில்லை.

திருப்பத்தூரிலிருந்து, ஓர் ஆசிரியை:

நீங்கள் நிறுத்திய இடத்திலிருந்து எங்கள் பிள்ளைகள் நடித்தார்கள். சிறுவயல் பாதை நின்றாலும் அக்டோபர் 1 அன்று காளையார்கோவில் விழுந்துவிட்டது. தூக்குக்குப் பிறகு, 1802 பிப்ரவரியில், பிடிபட்டவர்களில் 73 பேரைத் தூத்துக்குடியில் கப்பலேற்றிப் பினாங்குக்கு நாடு கடத்தினார்கள். சின்ன மருதுவின் மகன் துரைசாமியும் அதில் ஒருவர், சிறுவன். நாங்கள் எடுத்துக்கொண்டது கப்பலேறும் காட்சி மட்டும்.

ஒத்திகையைப் பார்க்க எதிர்வீட்டு ஆச்சி தினமும் வருவார்கள். அவர்கள் அப்பச்சி பினாங்கில் வட்டிக்கடை வைத்திருந்தவர். “பினாங்குக்கு நம்ம ஆளுக கொண்டுவிக்கப் போனதுதான் எனக்குத் தெரியும். விலங்கு மாட்டியும் கூட்டிப் போனாகளா?” என்று கேட்டார்கள். ஆமாம் ஆச்சி, செட்டிமார் கடை வைக்கிறதுக்கு முன்னாடியே என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்கள். துரைசாமிக்கு என்ன ஆச்சு என்று கேட்டார்கள். 1818-இல் வெல்ஷ் அவரைப் பினாங்கில் பார்த்திருக்கிறார். உடல் நலிந்து, அடையாளமே தெரியாமல் மாறிப்போயிருந்தார் என்று சொன்னேன்.

மறுநாள் பள்ளி வாசலில் ஒரு தேக்குப் பெட்டி வந்து இறங்கியது. பித்தளைப் பூட்டு, உள்ளே இன்னும் கற்பூர வாசனை. அப்பச்சி பினாங்கிலிருந்து கொண்டுவந்த பெட்டியாம். “கப்பல் காட்சியில இது இருக்கட்டும் ஆத்தா” என்று ஆச்சி சொல்லியனுப்பியிருந்தார்கள். துரைசாமியாக நடித்த பையனிடம் கொடுத்தேன். கைதிக்கு ஏது டீச்சர் பெட்டி என்று அவன் வாங்க மறுத்துவிட்டான். அவன் சொன்னதுதான் நியாயம். பெட்டியைக் கரையில் வைத்தோம். பிள்ளைகள் 73 பேரும் வரிசையாக அதைத் தாண்டிப் போய்க் கப்பலேறினார்கள்.