வண்டிப் பட்டை வளைக்கும் மூன்றுருளை மெஷின்: மரை தேய்ந்துவிட்டது, உதவுங்கள்

வணக்கம் உறவுகளே. அப்பாவின் பட்டறையில் மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை வளைக்கும் கைமெஷின் இருக்கிறது. கீழே இரண்டு உருளை, மேலே ஒன்று. மேல் உருளையைத் திருகி இறக்கிக்கொண்டே கைப்பிடியைச் சுற்றினால் பட்டை வட்டமாகும்.

இப்போது இடப்பக்கத் திருகின் மரை தேய்ந்து, உருளை அந்தப் பக்கம் தூக்கிக்கொள்கிறது. பட்டை ஸ்பிரிங் மாதிரி முறுக்கிக்கொண்டு போகிறது. இரண்டு முனையும் ஒரு விரற்கடை விலகி நிற்கின்றன. சம்மட்டியால் தட்டிச் சேர்த்தாலும் மனசு ஒப்பவில்லை. 5 அடிச் சக்கரத்தின் பட்டை, தீயில் 500 டிகிரி சூடேறினால் சுற்றளவில் ஒரு அங்குலம்தான் விரியும். அதற்குள் வட்டையில் (சக்கரத்தின் மர விளிம்பில்) ஏறி, தண்ணீர் ஊற்றியதும் இறுக வேண்டும். கோணல் இருந்தால் எப்படி உட்காரும்?

திருகு சதுர மரை (பல் சதுரமாக இருக்கும்). புதிதாகக் கடைவது நல்லதா, திருகு இறங்கும் துளைக்குள்ளே பித்தளை புஷ் (மரை வெட்டிய குழல்) போட்டால் தாங்குமா? இதைக் கடைந்து தரும் லேத் பட்டறை மதுரைப் பக்கம் இருந்தால் சொல்லுங்கள் அண்ணன்மாரே.