மர்மக்கதையும் இலக்கியமும் ஒரே பட்டியலில் இடம்பெறலாமா?

செக்காலை வாசகி எழுதியது:

காரைக்குடியில் நாங்கள் 15 பேர் மாதம் ஒருமுறை ஓர் உறுப்பினரின் வீட்டு வளவில் (உள்முற்றத்தில்) கூடி, முன்கூட்டியே முடிவு செய்த ஒரு நூலைப் பற்றிப் பேசி வருகிறோம். இதுவரை எடுத்துக்கொண்டவை எல்லாம், இலக்கியம்தான் என்று எவரும் மறுக்காத நூல்கள். சென்ற கூட்டத்தில் கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவர், அடுத்த மாதத்திற்கு ஒரு துப்பறியும் மாத நாவலை எடுத்துக்கொள்ளலாம் என்றார். பேருந்தில் படித்துவிட்டு இருக்கையிலேயே விட்டு இறங்கக்கூடிய ஒன்றுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கொடுப்பதா என்று மூத்தவர் ஒருவர் கேட்டார். தம்பியின் முகம் சுண்டிவிட்டது. கூட்டத்தை நடத்துபவள் என்பதால் நான் இரு பக்கத்துக்கும் இசைவாகப் பேசினேன். இரு பக்கத்தாருக்கும் அது பிடிக்கவில்லை.

என் குழப்பம் இதோடு முடியவில்லை. எங்கள் வீட்டின் இரண்டாம் கட்டில், அப்பத்தாவின் பெட்டகத்தில், வார இதழ்களிலிருந்து வாரந்தோறும் பிரித்தெடுத்துத் தைத்து பைண்டு செய்த தொடர்கதைகள் இருக்கின்றன. எனக்கு வாசிக்கும் பழக்கம் வந்ததே அவற்றால்தான். இப்போது எடுத்துப் பார்த்தால் சிலவற்றில் பத்துப் பக்கத்தைத் தாண்ட முடியவில்லை. வேறு சில இன்றும் என்னை விளக்கை அணைக்க விடுவதில்லை. இவை எல்லாம் ஒரே அட்டைக்குள் தைக்கப்பட்டவை. இவற்றை எந்த அளவுகோலால் பிரிப்பது, அல்லது பிரிக்கத்தான் வேண்டுமா என்பதை இங்குள்ள பெரியவர்கள் சொன்னால் அடுத்த கூட்டத்தில் பேச எனக்கு உதவியாக இருக்கும்.

கோட்டையூர்க்காரன் எழுதியது:

ஆச்சி, உங்கள் அப்பத்தா செய்ததை எங்கள் ஊரில் ஒருவர் வாழ்நாள் வேலையாகவே செய்தார். கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்த நூல்களும் இதழ்களும் பிற அச்சுத் தாள்களும் ஏறக்குறைய 1 லட்சம். அவர் 1992-ல் மறைந்த பின் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கி, சென்னையிலேயே 1994-ல் அவர் பெயரில் நூலகமாக அமைய வழிசெய்தது. சங்க நூல் பதிப்புகளோடு நாடக நோட்டீஸ், திருமண அழைப்பிதழ், ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் எழுதிய காலத்துத் துப்பறியும் நாவல்கள் என்று எதையும் அவர் தள்ளவில்லை. இன்று தமிழ் நாவலின் வரலாற்றை எழுத வருகிற ஆய்வாளர், அக்காலத்து வாசகர் உண்மையில் எதைக் காசு கொடுத்து வாங்கினார் என்பதை அறிய அந்த ‘மலிவு’ நூல்களைத்தான் கேட்டுப் பெறுகிறார்.

நம் பகுதியிலிருந்து சென்னைக்குப் போய்ப் பதிப்பகம் தொடங்கிய நகரத்தார்களையும் நினைத்துப் பாருங்கள். ராயவரத்து வை. கோவிந்தன் சக்தி காரியாலயத்தில் டால்ஸ்டாயைத் தமிழில் கொண்டுவந்தார். தேவகோட்டை திருநாவுக்கரசு வானதி பதிப்பகத்தில் சாண்டில்யனின் சரித்திரத் தொடர்கதைகளைக் கொண்டுவந்தார். இருவர் வெளியிட்டவற்றையும் ஒரே அலமாரியில் அடுக்கிய வீடுகள் இங்கு ஏராளம். எங்கள் வீடும் அவற்றில் ஒன்று.

தேவகோட்டை தமிழாசிரியர் எழுதியது:

சேகரிப்பவருக்கு எல்லாத் தாளும் சமம். வாசிப்பவருக்கு அப்படி இருக்க வேண்டியதில்லை. கோட்டையூர் நண்பர் இந்த இரண்டையும் கலந்துவிட்டார் என்பதை மரியாதையோடு சொல்கிறேன்.

இலக்கியத்துக்கும் வணிக எழுத்துக்கும் நடுவே விமர்சகர் க.நா.சு. ஒரு கோடு போட்டுக் காட்டியிராவிட்டால், சி.சு. செல்லப்பா 1959-ல் ‘எழுத்து’ இதழைத் தொடங்கிக் கைப்பணத்தைக் கரைத்திராவிட்டால், மௌனி என்ற சிறுகதையாளரின் பெயரே பெரிய இதழ்களின் ஆரவாரத்தில் அமுங்கிப்போயிருக்கும். அந்தக் கடுமை அன்று தேவைப்பட்டது. இன்றும் ஓரளவு தேவைதான் என்பேன், ஏனென்றால் மாத நாவலுக்குப் பக்கக் கணக்கும் கடைக்கு வரும் தேதியும் எழுதத் தொடங்கும் முன்பே முடிவாகிவிடுகின்றன. கதைக்கு இன்னும் நாற்பது பக்கம் வேண்டும் என்றோ, எழுதியதைக் கிழித்துப் போட்டு மறுபடி எழுத வேண்டும் என்றோ அந்த எழுத்தாளர் கேட்க இடமில்லை. அவரிடம் திறமை இல்லை என்று நான் சொல்லவில்லை. அவகாசம் இல்லை என்கிறேன்.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். அந்த எல்லைக்கோட்டைக் காத்தவர்களே கருப்பொருளை ஒருபோதும் விலக்கி வைத்ததில்லை. பேய்க்கதை என்பதற்காகப் புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’யை எவரும் பட்டியலிலிருந்து நீக்கவில்லை. வணிக எழுத்தைக் கண்டிப்பாக விமர்சிக்கும் ஜெயமோகனே ‘விசும்பு’ என்று அறிவியல் புனைகதைத் தொகுப்பு ஒன்றைக் கொடுத்திருக்கிறார். ஆகவே, கொலை வந்தால் இலக்கியமாகாது என்று உங்கள் மூத்தவர் கருதியிருந்தால், அவர் சொன்னது தவறு.

அடுத்தாள் பேரன் எழுதியது:

தமிழாசிரியர் ஐயா சொன்ன அவகாசக் கணக்கு எனக்குப் பிடித்தது. ஆனால் சுஜாதாவை அதில் எங்கே வைப்பது? துப்பறியும் வக்கீல்களான கணேஷையும் வசந்தையும் வார இதழ்களில் ஓடவிட்ட அதே கை, ‘கணையாழி’ என்ற இலக்கிய இதழில் ‘கடைசிப் பக்கம்’ என்ற பத்தியையும் எழுதிக்கொண்டிருந்தது.

என் ஐயா, அதாவது தாத்தா, மலாயாவில் வட்டிக்கடை அடுத்தாளாக (உதவியாளராக) இருந்தவர் என்பதால் நான் நாவலாசிரியர் ப. சிங்காரத்திடம் பிடிவாதமாகப் போகிறேன். நம் சிவகங்கை மாவட்டத்துச் சிங்கம்புணரியில் பிறந்து, இந்தோனேசியாவின் மேடானில் வட்டிக்கடையில் வேலை பார்த்தவர் அவர். ‘புயலிலே ஒரு தோணி’யின் கதையை மட்டும் ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள்: ஜப்பானியர் பிடித்த ஊர், கடலில் புயலில் சிக்கும் தொங்கான் (பாய்மரச் சரக்குக் கப்பல்), இந்திய தேசிய ராணுவம், துப்பாக்கி, இரகசிய வேலை. கேட்பவர் அதைச் சாகச நாவல் என்றுதான் நினைப்பார், அது சாகச நாவலும்தான். ஆனால் புயலுக்கு நடுவிலும் நாயகனின் மனம் மதுரைத் தெருக்களுக்கும் சங்கப் பாட்டுக்கும் போய்த் திரும்புவதால், முடிவு தெரிந்த பிறகும் நான் அதை மூன்று முறை படித்திருக்கிறேன். பல ஆண்டுகள் பதிப்பாளர் கிடைக்காமல் கிடந்து 1972-ல்தான் அது நூலாக வந்தது. இலக்கியம், வணிகம் என்ற இரு தரப்புக்கும் அதை எந்த அலமாரியில் வைப்பது என்று தெரியாமல் போயிருக்கலாம் என்பது என் ஊகம்.

கூட்டத்துக்கு ஒரு யோசனை சொல்கிறேன். ஒரு மாதத்துக்கு இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை மூத்தவரும் மற்றதைத் தம்பியும் தேர்ந்தெடுக்கட்டும். ஒவ்வொருவரும் மற்றவர் தேர்ந்ததைப் பற்றித்தான் பேச வேண்டும் என்று விதி வையுங்கள்.

செக்காலை வாசகி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அந்த விதியை இருவரும் ஏற்றுக்கொண்டார்கள், மூத்தவர் சற்று முனகலோடு. அவர் ‘காஞ்சனை’யைத் தேர்ந்தார். தம்பி மாத நாவலை விட்டுவிட்டு, எங்கள் அப்பத்தாவின் பைண்டிலிருந்து ஒரு கொலைத் தொடரைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

இதில் ஒரு சிக்கல் வந்திருக்கிறது. அந்தத் தொடரின் கடைசி இரண்டு வாரங்களைக் கரையான் தின்றுவிட்டது. கொலையாளி யார் என்று தெரியாது. மூத்தவரிடம் சொன்னபோது அவர் முதன்முறையாகச் சிரித்து, “காஞ்சனை பேயா இல்லையா என்று தெரியாமலே நாம் அறுபது வருடமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம், இதையும் பேசிப் பார்ப்போம்” என்றார். தம்பி ஒப்பவில்லை, அவருக்குக் கொலையாளி வேண்டும். எனக்கும் வேண்டும். கோட்டையூர் அண்ணனுக்கு வார இதழின் பெயரையும் வந்த மாதத்தையும் தனி மடலில் அனுப்பியிருக்கிறேன். ரோஜா முத்தையா நூலகத்தில் அந்த இரண்டு இதழ்கள் இருக்கின்றனவா என்று அடுத்த ஞாயிறுக்குள் கேட்டுச் சொல்ல முடியுமா?